கியன்ன, கியவன்ன

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரப்பர் பால் வாளி தூக்கிய கையால் வெல்டிங் பழகி, யட்டியாந்தோட்டையில் சொந்தப் பட்டறை போட்டேன். இந்தப் பக்கத்துப் பங்களா கேட்டுகளில் பாதி என் கைவேலை. தோட்டத்து ஆட்களுக்கென்று தொழிற்பயிற்சி நிலையம் தொடங்கியபோது தலைவர் நாற்காலிக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? நான் சிங்களம் பேசினால் சிங்களவர்களே என்னை அவர்கள் ஆள் என்று நினைப்பார்கள்.

பேசத்தான் வரும். எழுத்து தெரியாது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

பரீட்சை விண்ணப்பம் சிங்களத்தில் வந்தது. கீழே இரண்டு கட்டங்கள். நிலையத்துக் கிளாக்கரிடம் கேட்டிருக்கலாம். தலைவர் போய்க் கேட்பதா? முதல் கட்டத்தில் சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன். வினாத்தாள் எந்த மொழியில் வேண்டும் என்று கேட்ட கட்டம் அது. பரீட்சையன்று தாள்கட்டைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. எங்கள் வெல்டிங் வகுப்பில் பன்னிரண்டு பேருக்கும் சிங்களத் தாள்.

முன்வரிசை வாங்கில் இருந்தவள் இரண்டு பிள்ளைகளின் தாய். அவள் வெல்டிங் வைத்த இரும்பில் ஒட்டிய இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அவிசாவளையில் கிரில் செய்யும் கடையில், சான்றிதழோடு வரச்சொல்லி அவளுக்கு இடம் வைத்திருந்தார்கள்.

“ஐயா, வாயால சொன்னா எங்களுக்கு வெளங்கும். வாசிக்கத் தெரியாதுங்களே,” என்றாள்.

பரீட்சகர் இளகிய மனிதர். கேள்விகளை அவர் எடுத்துச் சொல்லக்கூடாதாம், படிப்பித்தவரும் உள்ளே வரக்கூடாதாம். நிலையத்து ஆள் வேறு யாராவது சொன்னால் பரவாயில்லை, சரியான பதிலின் இலக்கத்தை மட்டும் போட்டால் போதும் என்றார். கிளாக்கர் அன்று லீவு. என்னைப் பார்த்து, “முதலாளி கியவன்ன,” என்றார்.

என் காதில் ‘கியன்ன’ என்று விழுந்தது. சொல்லுங்கள். அதுதானே எனக்குக் கைவந்தது. “ஹரி மாத்தயா,” என்று தலையாட்டிவிட்டு முன்னால் போய் நின்றேன். தாளைக் கையில் தந்தபோதுதான் அவர் சொன்னது உறைத்தது. கியவன்ன. வாசியுங்கள். நடுவில் ஒரேயொரு எழுத்துதான் வித்தியாசம்.

பன்னிரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

“கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்.”

“மூக்கு மேலதானுங்களே இருக்கு ஐயா,” என்றாள் அவள்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விளங்கியதும் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு எல்லோரும் குருட்டுவாக்கில் இலக்கம் போட்டார்கள். மணி அடிக்கும்வரை அந்தத் தாளோடு நின்றேன்.

செய்முறையில் பன்னிரண்டு பேரும் தேறினார்கள். தாளில் ஒருவருமில்லை. அவிசாவளைக் கடைக்காரர் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்.

வெல்டிங் முகமூடியைத் திருப்பித் தர வந்தபோது அவள் என் குட்டை உடைக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்: “அடுத்த தடவ எந்தக் கட்டம்னு யார்கிட்டயாச்சும் கேட்டுக்கங்க ஐயா.”

கேட்கிறேன் என்றேன். அடுத்த விண்ணப்பம் வந்து மேசையில் கிடக்கிறது. கிளாக்கர் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் கேட்கவில்லை.