அம்பலவாணர் பூட்டிய பியர் றெகுலேற்றர்

ஒன்பது வருடமும் நான்கு மாதமும் அம்பலவாணரின் நாக்கில் ஒரு சொட்டு மதுவும் பட்டதில்லை. சிசிலித் தீவில் பல்லரோச் சந்தையை அடுத்த ஒழுங்கைகளில் குடியிருக்கும் தமிழர் எல்லோருக்கும் இது தெரியும். அதற்கு முந்திய கதையும் தெரிந்திருந்தபடியால்தான் இவ்வளவு கவனமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அவர் குடியை நிறுத்தியதற்கு ஒரு தட்டுப் பாஸ்தா காரணம். ஒரு நாள் பின்னேரம் வேலையால் வந்தவர், தன் வீடென்று நினைத்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்த சிசிலியக் கிழவரிடம் சாப்பாடு ஏன் இன்னும் ஆகவில்லை என்று சண்டை பிடித்தார். கிழவர் பயந்துபோய்த் தன் பாஸ்தாவைக் கொடுத்தார். இவர் அதைச் சாப்பிட்டு, உப்புக் குறைவென்று சொல்லி, அங்கேயே படுத்துவிட்டார். மறுநாள் காலை மனைவி செல்வமலர் பெட்டியைத் திறந்து உடுப்புகளை மடித்து அடுக்கத் தொடங்கினாள். அவளுடைய தங்கை வடக்கே பொலோஞ்ஞா நகரில் இருக்கிறாள். அம்பலவாணர் அழுதார். வெறுங்காலோடு பெல்லெகிரீனோ மலை ஏறி, சாந்தா ரொசாலியாவின் குகையில் முழந்தாளிட்டு, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அம்மனுக்கு வைப்பதுபோலவே அந்தப் புனிதைக்கும் நேர்த்தி வைக்கும் எங்கள் சனத்துக்கு அதைவிடப் பெரிய வாக்கு இல்லை. செல்வமலர் உடுப்புகளை வெளியே எடுத்தாள். இன்னொரு தடவை என்றால் போய்விடுவேன் என்று மட்டும் சொன்னாள்.

குடியை விட்ட கைக்கு வேறு வேலை தேவைப்பட்டது. அதற்குச் சமையல் காஸ் கிடைத்தது. நாற்பது வீடுகளின் சமையல் சிலிண்டர்களை அவர்தான் மாற்றிக் கொடுத்தார். றெகுலேற்றரைப் பூட்டி, சவர்க்கார நுரை தடவி, குழந்தையின் மூச்சைக் கேட்பதுபோலக் காதை வைத்துக் கேட்பார். காஸ் விஷயத்தில் அவருக்கு யாரும் புத்தி சொல்ல முடியாது.

லிபெர்த்தாத் தெருவில் அவர் வேலை செய்யும் வீடு லொரென்சோ என்ற வக்கீலுடையது. நீதிமன்றத்தில் மேசையில் அடித்துக் கதைக்கும் மனிதர், வீட்டில் காஸ் அடுப்பைப் பற்றவைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவார். தன் அறுபதாவது பிறந்தநாளுக்கு மொட்டைமாடியில் வைப்பதற்கென்று பியர் ஊற்றும் இயந்திரம் ஒன்றை அவர் வாங்கியிருந்தார். பீப்பா, குழாய், கரியமில வாயுச் சிலிண்டர், அழுத்தம் காட்டும் இரண்டு வட்ட மானிகள் வைத்த பித்தளை றெகுலேற்றர் என்று எல்லாம் வந்து இறங்கின. நண்பர்கள் நாளைக்கு மதியம் வருகிறார்கள், நீதான் இதைப் பூட்டித் தரவேண்டும், காஸைப் பற்றி உன்னைவிட யாருக்குத் தெரியும் என்று அவர் அம்பலவாணரிடம் கேட்டார்.

மறுத்திருக்க வேண்டும். ஆனால் அப்படிக் கேட்டபின் மறுக்கிற மனிதர் அல்ல அவர். குடிக்கமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், பூட்டமாட்டேன் என்று சொல்லவில்லையே என்று மனதைத் தேற்றினார். அதே தெருவில் சிஞ்ஞோரா ஸ்ரெல்லா என்ற பெண்மணியின் வீட்டில் வேலை செய்யும் செல்வமலரிடம், மொட்டைமாடி கழுவும் வேலை என்று சொல்லிவைத்தார்.

வக்கீல் விளக்கத் தாளோடு கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டார். காலையில்தான் பல் பிடுங்கியிருந்தபடியால் கன்னம் வீங்கி, வாய் மரத்திருந்தது. அந்த வாயால் அவர் தாளை வாசிக்கத் தொடங்கியதும் அம்பலவாணர் கையைக் காட்டி நிறுத்தினார். தாளைப் பார்த்துக் காஸ் பூட்டுவது அவருக்கு அவமானம்.

முதல் அடி உடனேயே விழுந்தது. இத்தாலியில் சமையல் சிலிண்டரில் றெகுலேற்றரைப் பூட்டுகிற சுரை, அதாவது நட், இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். ஒன்பது வருடமாக அவருடைய கை அப்படித்தான் பழகியிருந்தது. இந்தச் சுரையோ இடப்பக்கம் எவ்வளவு திருப்பியும் பிடிக்கவில்லை. வியர்த்து, முணுமுணுத்து, கடைசியில் வலப்பக்கம் திருப்பினார். பிடித்தது. ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. ஓகோ, இந்தக் காஸில் இறுக்குவதற்கு வலப்பக்கம் என்று விளங்கிக்கொண்டார். றெகுலேற்றரின் நடுவில் இருந்த திருகையும், திறக்க முதல் மூடிவைப்பம் என்று, வலப்பக்கம் அடிமட்டும் திருப்பி இறுக்கினார்.

அந்தத் திருகு மூடுகிற திருகு அல்ல. உள்ளே போகப்போக அழுத்தத்தைக் கூட்டுகிற திருகு.

சிலிண்டரைத் திறந்தார். மானியின் முள் ஒன்றைத் தாண்டி, இரண்டைத் தாண்டி, சிவப்புக்குள் பாய்ந்தது. எங்கோ ஒரு வால்வு வீரிட்டது. கதவுக்குப் பின்னால் வெளிறிப்போன வக்கீலைப் பார்த்து, ஒன்றும் பயமில்லை என்று சொல்ல அம்பலவாணர் வாயைத் திறந்தார். அந்தக் கணத்தில் பீப்பாவின் குழாய் கழன்று, படமெடுத்த நாகம்போல எழுந்து ஆடி, திறந்த அந்த வாய்க்குள்ளேயே பியரைப் பீய்ச்சியது.

அவர் தடுமாறிச் சிலிண்டரை மூடுவதற்குள் தலையிலிருந்து கால்வரை நுரை. வக்கீலோ கதவைப் பூட்டிவிட்டுச் செல்வமலருக்குப் போன் எடுத்து, காஸ், உன் புருசன், காஸ் என்று மரத்த வாயால் அலறிவிட்டார்.

செல்வமலர் நாலு மாடியும் ஓடியே ஏறினாள். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. வழிநெடுக அவரைப் பிணமாகவே பார்த்து அழுதுகொண்டு வந்தவள், உயிரோடு நின்றவரைக் கண்டதும் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தாள். பிறகு மணம் எட்டியது. கை விலகியது.

"ஊதுங்கோ," என்றாள்.

ஊதினார். செல்வமலர் கண்ணை மூடினாள். ஏப்ரனை அவிழ்த்தாள். அதை நாலாக, எட்டாக, மிக மெதுவாக மடிக்கத் தொடங்கினாள். அந்த மடிப்பை அம்பலவாணர் முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறார்.

வக்கீல் கதவைத் திறந்துவந்து, இந்த மனிதன் குடிக்கவில்லை, நானே சாட்சி என்றார். பொய்க்காரருக்காகக் கதைத்துச் சம்பளம் வாங்குகிறவரின் சாட்சி தனக்கு வேண்டாம் என்று அவள் இத்தாலி மொழியில் தெளிவாகச் சொன்னாள்.

"மலர்," என்றார் அம்பலவாணர். "வாய்க்குள்ளை அடிச்சுப்போட்டுது. துப்பினனான். ஆனா ஒரு முடறு உள்ளுக்கை இறங்கிட்டுது. ரண்டாயும் இருக்கும்."

அவள் கை நின்றது. குடித்த காலத்தில் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டே இருமல் மருந்து என்று சொன்ன மனிதர் இவர். ஒரு முடறு என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

"எப்பிடி இருந்தது?" என்று கேட்டாள்.

"நல்லாய் இருந்தது. அதுதான் பயமாக் கிடக்கு."

அவர் முகத்தில் வழிந்தது நுரையா கண்ணீரா என்று தெரியவில்லை. செல்வமலர் மடித்த ஏப்ரனை உதறி, அதனாலேயே அவர் முகத்தைத் துடைத்தாள்.

"மிச்சத்தை மலையிலை போய்ச் சொல்லுங்கோ. எனக்கு இது காணும்," என்றாள்.

பிறகு வக்கீலிடம் திரும்பி, அந்தத் தாளை வாசிக்கச் சொன்னாள். திருகை இடப்பக்கம் முழுதும் தளர்த்தியபின்தான் சிலிண்டரைத் திறக்க வேண்டும் என்று முதல் வரியிலேயே இருந்தது. அம்பலவாணர் வாயைத் திறக்காமல் ஒவ்வொன்றாகச் செய்தார். பீப்பாவில் ஏறிய அழுத்தத்தை வெளியேற்றி, குழாயை மாட்டிக் கிளிப்பை ஸ்பனரால் இறுக்கினார். திருகைத் தளர்த்திச் சிலிண்டரைத் திறந்து, முள் ஒன்றில் வந்து நிற்கும்வரை மெல்லமெல்லத் திருப்பினார். முள் நின்றது.

இனி யாராவது சுவைத்துப் பார்க்க வேண்டும். வக்கீலின் நாக்கு பிடுங்கிய பல்லோடு செத்திருந்தது. அம்பலவாணர் நிலத்தைப் பார்த்தார். புருசன் செய்த வேலை அரைகுறையாக நிற்கச் செல்வமலரின் மனம் ஒப்பவில்லை. குழம்புக்கு உப்புப் பார்ப்பதுபோல உள்ளங்கையில் கொஞ்சம் விடச்சொல்லி நக்கிப் பார்த்தாள். நுரைதான் என்றாள். அரை மணிநேரம் பொறுத்து, இன்னொரு கை. கையில் ஊற்றினால் காஸ் தெரியவில்லை என்று கிளாஸில் ஒரு முடறு. சரியாக இருக்கிறதா என்று நிச்சயப்படுத்த இன்னுமொன்று. ஐந்தாவது தடவை, நாக்கில் குத்துகிறது, சரி என்று தீர்ப்புச் சொன்னாள். வக்கீல் கைதட்டினார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் அம்பலவாணரைச் சுற்றி மூன்று ஆசனங்கள் காலியாகவே இருந்தன. ஈரச் சட்டை அப்படி மணத்தது. வழியில் சறோஜா ஏறினாள். அவர்களுடைய கட்டிடத்தில் மேல்மாடியில் இருப்பவள். அவள் அறிந்தால் இரண்டு மணிநேரத்தில் பல்லரோ அறியும். அவள் மூக்கைச் சுருக்கி, அம்பலவாணரை மேலிருந்து கீழே பார்த்து, செல்வமலரின் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அக்கா, அண்ணை திரும்பவும் தொடங்கிட்டாரோ?" என்று பரிவோடு கேட்டாள்.

அம்பலவாணர் தலை குனிந்தார். நடந்ததைச் சொன்னால் நம்புகிற கதையா அது?

செல்வமலர் பையை மடியில் நிமிர்த்தி வைத்தாள்.

"அவர் இல்லை," என்றாள், பஸ்ஸில் இருந்த தமிழ் தெரிந்த எல்லோருக்கும் கேட்கும்படியாக. "நான்தான் குடிச்சனான்."

சறோஜா கைபேசியை எடுத்துக்கொண்டு இரண்டு தரிப்புக்கு முன்னதாகவே இறங்கிவிட்டாள்.