தம்பிக்காகப் பதினைந்து கிலோ

ரோலர் அக்கா என்றால்தான் அந்த ஓட்டல் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஈரமான படுக்கை விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் உலர்ந்து, சுருக்கமில்லாமல் வெளியே வரும் பெரிய உருளை இயந்திரத்தின் முன்னால் பதினெட்டு வருடமாக நிற்கிறாள். இயந்திரத்தை வைத்துப் பெயர் வந்ததா, உடம்பை வைத்து வந்ததா என்று யாராவது கேட்டால், "ரெண்டையும் பக்கத்துல நிறுத்திப் பாரு, எது அதிகமா சத்தம் போடுதோ அதுதான் நான்" என்பாள். வயது நாற்பத்து நாலு. தன் உடம்பைப் பற்றி அவளுக்கு அதுவரை வருத்தம் என்று ஒன்று இருந்ததில்லை. இரண்டு பேர் தூக்கும் ஈரத்துணிக் கூடையை ஒற்றை ஆளாக இழுத்துப் போடுகிற உடம்பு அது.

வருத்தம் தம்பி வழியாக வந்தது. அவன் பஸ் டிரைவர், அவளைவிட ஐந்து வயது இளையவன். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். பஸ்ஸை விட்டு இறக்கிவிட்டார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று ஒரு சின்ன பாட்டிலில் அளந்து வைத்துக் குடித்தான். அவன் மனைவிக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் அவள் சிறுநீரகம் கொடுக்க முடியவில்லை. அக்காவுக்குப் பரிசோதனை செய்தார்கள். ரத்த வகை முதல் எல்லாம் பொருந்தியது. எடை மட்டும் பொருந்தவில்லை.

"தொண்ணூத்தி மூணு கிலோ இருக்கீங்க" என்றார் சிறுநீரக டாக்டரம்மா. "எழுபத்தெட்டுக்கு வரணும். அதுக்கு மேல இருந்தா ஆபரேஷன்ல உங்களுக்கும் ஆபத்து, பின்னாடி மிச்சமிருக்கிற ஒரு கிட்னிக்கும் பாரம்."

"குறைச்சிடறேன் டாக்டர். எத்தனை நாள்ல குறைக்கணும்?"

"நாள் கணக்கு போடாதீங்க. மாசத்துக்கு ரெண்டு கிலோ. சில மாசம் அதுவும் குறையாது. எட்டு மாசம்னு வெச்சுக்குங்க, ஒன்பது ஆனாலும் பரவாயில்லை. பட்டினி கிடக்காதீங்க, பவுடர் கிவுடர்னு எதையும் குடிக்காதீங்க. உங்க தம்பி டயாலிசிஸ்ல நல்லாத்தான் இருக்கார். அவசரம் இல்லை."

அவசரம் இல்லை என்ற அந்த வார்த்தை அவள் காதில் ஏறவேயில்லை. எட்டு மாதம் என்பது மட்டும் ஏறியது. அதை அவள் தம்பியின் உடம்பில் வைத்துக் கணக்குப் போட்டாள். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு தடி ஊசி, எட்டு மாதம்.

ஓட்டலுக்குப் போகிற தெருவில் ஒரு உடற்பயிற்சிக்கூடம் இருந்தது. வாசலில் ஆள் உயரப் படம்: இடப்பக்கம் தொப்பையும் சோகமுமாக ஒருவர், வலப்பக்கம் அதே ஆள் வயிறு ஒட்டிச் சிரிக்கிறார். கீழே 'தொண்ணூறு நாளில் பதினைந்து கிலோ' என்று எழுதியிருந்தது. ஆண்டவனே தனக்காக எழுதி மாட்டியதுபோல இருந்தது அவளுக்கு. வேண்டியதும் பதினைந்து கிலோதான்.

பயிற்சியாளர் கனிவாகப் பேசுகிற ஆள். "மனசு வெச்சா முடியாதது இல்லை மேடம்" என்றார். எதற்காகக் குறைக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயம். காலையில் ஒரு மணி நேரம் ஓட்டம், சாயங்காலம் எடை தூக்குதல். இரண்டு வேளை சாப்பாட்டுக்குப் பதிலாகத் தண்ணீரில் கலக்கிய பவுடர்.

முதல் மூன்று வாரத்தில் ஏழு கிலோ இறங்கியது. சீருடையின் இடுப்பு தொளதொளவென்று ஆகி, ஊக்கு குத்திக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்று மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில், சலவைப் பொடி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தம்பிக்குப் போன் செய்தாள்.

"டேய், ஏழு கிலோ போச்சுடா! இன்னும் ரெண்டே மாசம். பக்கத்துப் பக்கத்து கட்டில்ல படுத்திருப்போம் பாரு."

"நிஜமாவா அக்கா? டாக்டர் சொன்னாங்களா?"

ஒரு நொடிதான் தயங்கினாள். "சொன்னாங்க, சொன்னாங்க. மூணு மாசம்னு சொன்னாங்க. அதுக்குள்ள முடிஞ்சிடும்."

மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக அவள் எதைச் செய்யவும் தயாராக இருந்தாள்.

அதன் பிறகு எடைக் கருவியின் முள் நகரவே இல்லை. எண்பத்தாறு. மறு வாரமும் எண்பத்தாறு. அதற்கடுத்த வாரம் எண்பத்தாறரை. பயிற்சியாளரிடம் கேட்டால், "எங்கேயோ ஏமாத்தறீங்க மேடம், யோசிச்சுப் பாருங்க" என்று சிரித்தார். அவள் யோசித்தாள். இருந்த ஒரு வேளைச் சாப்பாட்டையும் பாதியாக்கினாள். எடை பார்க்கும் நாளுக்கு முந்தின நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாள். தம்பி குடிக்காமல் இருக்கவில்லையா, நமக்கென்ன என்று ஒரு வீம்பு. தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் அதிகம் பேசாதவர். அவரே ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "லிப்ட்ல பாரம் அதிகமா ஏத்தினாலும் நிக்கும், கரன்ட்டைக் குறைச்சாலும் நிக்கும். நீ ரெண்டாவதைப் பண்ணிட்டிருக்கே."

"உங்களுக்கென்ன தெரியும்? உங்க கூடப்பிறந்தவங்களா படுத்திருக்காங்க?" என்று எரிந்து விழுந்தாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இரண்டாவது மாதக் கடைசியில் ஒரு நாள் உருளைக்கு முன்னால் விரிப்பின் இரு முனையையும் பிடித்தபடி நின்றவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்தாள். கை உருளைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. எதிரில் மடித்துக்கொண்டிருந்தவள் ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினாள். ஒரு சாண் இப்படி விழுந்திருந்தால் கையே வெந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். டாக்டரம்மா முடிவுகளை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"என்ன சாப்பிடறீங்க?"

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

"எந்த கிட்னியைத் தம்பிக்குக் கொடுக்கப் போறீங்களோ, அதையே காய வெச்சு, பவுடரையும் கொட்டியிருக்கீங்க. உங்க கிட்னி இப்போ சரியா வேலை செய்யலை. சரியாயிடும்னுதான் நினைக்கிறேன். ஆனா மூணு மாசம் தொடர்ந்து ரிப்போர்ட் நல்லா வந்தாத்தான் உங்களை மறுபடி கொடுக்கிறவங்களா எடுத்துக்குவோம். அதுவரைக்கும் உங்க பேரை நிறுத்தி வெக்கிறேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக ஆனது. எட்டு மாதத்தை மூன்றாக்கப் போனவள், அதை ஒரு வருடத்துக்கு மேல் இழுத்துவிட்டாள்.

மறுநாள் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊசி போடுகிற கையைத் தலையணையில் வைத்திருந்தான். தம்பி மனைவி வாளியில் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னாள்.

"டாக்டர் உன்கிட்ட எத்தனை மாசம்னு சொன்னாங்க?"

"எட்டு."

"என்கிட்ட ஏன் மூணுன்னு சொன்னே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"டெப்போவுல எனக்கு டிக்கெட் கவுன்ட்டர்ல உக்கார்ற வேலை கொடுக்கறேன்னாங்க அக்கா. மூணு மாசத்துல ஸ்டியரிங்கைப் பிடிச்சிடுவேன், வேணாம்னுட்டேன். போன வாரம் அதை வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க." அவன் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. "எட்டு மாசம்னா எட்டு மாசம்னு இருந்திருப்பேன். நீ கொடுத்த தேதியில நான் தொங்கிட்டிருந்தேன். ஒவ்வொரு தடவை ஊசி குத்தறப்பவும் இன்னும் எத்தனைன்னு எண்ணிட்டிருந்தேன்."

"உனக்காகத்தானேடா..."

"தெரியும். அதனாலதான் திட்டவும் முடியலை. இப்போ கிளம்பு அக்கா."

படி வரை வந்த தம்பி மனைவி, "ரெண்டு நாள் போகட்டும் அக்கா, சரியாயிடுவார்" என்றாள். இரண்டு நாள் மாதக்கணக்காக நீண்டது. அவன் போனை எடுக்கவில்லை.

உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போய், இனி வரமாட்டேன் என்று சொன்னாள். காரணத்தைக் கேட்டதும் பயிற்சியாளரின் முகம் வெளுத்துவிட்டது. "முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா மேடம்?" என்றார். அவள் வாசல் படத்தைக் காட்டி, இந்த மனிதர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். அவர் கொஞ்சம் நெளிந்தார். "அவர் இப்போ வர்றதில்லை. எல்லாம் திரும்ப ஏறிடுச்சுன்னு கேள்விப்பட்டேன்." படத்தை ஏன் மாற்றவில்லை என்று அவள் கேட்கவில்லை. அவளும் தம்பிக்கு அப்படி ஒரு படத்தைத்தானே காட்டியிருந்தாள்.

ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்தபோது இவ்வளவுதானா என்று இருந்தது. மூன்று வேளையும் சாப்பிடு, அளவைக் குறை, காய்கறியைக் கூட்டு, தண்ணீர் குடி, நட. பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடந்தாள். கணவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் அவர் பரிமாறியதைச் சாப்பிட்டாள். அவருக்கு அது போதுமாக இருந்தது. நிறுத்திய பட்டினிக்குக் கூலியாக முதல் மாதம் எடை இரண்டு கிலோ ஏறியது. அழுதாள். அடுத்த மாதம் அப்படியே நின்றது. அதன் பிறகு ஒன்றரை குறைந்தது, பிறகு ஒன்று. ஒரு மாதம் எதுவுமே இல்லை. அந்த மாதத்தில்தான் தம்பியின் கையில் ஊசி போடும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, கழுத்தில் குழாய் வைத்தார்கள். தம்பி மனைவி போனில் சொன்னபோது, பழைய பவுடர் டப்பாவைத் தேடி அலமாரியைத் திறந்துவிட்டாள். அதை எப்போதோ கணவர் எறிந்திருந்தார். திறந்த அலமாரியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கப் போனாள்.

அன்று போகிற வழியில் தம்பி வீட்டுக்கும் போனாள். அவன் கதவைத் திறந்தான். கழுத்தில் கட்டு போட்டிருந்தது.

"எவ்வளவு இருக்கே?" என்று அவனே கேட்டான்.

"எண்பத்தஞ்சு. இந்த மாசம் ஒண்ணும் குறையலை. அடுத்த மாசம் குறையுமான்னு தெரியாது."

அவன் அவளையே பார்த்தான். "சரி. உள்ள வா" என்றான்.

ரிப்போர்ட்டுகள் தொடர்ந்து நன்றாக வர, அவள் பேரை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். முதல் பரிசோதனையிலிருந்து பதினாறாவது மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. அன்று அவள் எடை எழுபத்தேழு கிலோ எண்ணூறு கிராம். அவள் சிறுநீரகம் தம்பியின் உடம்பில் அன்றே வேலை செய்யத் தொடங்கியது. அவன் வீடு திரும்பிய பிறகு முழு டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தான் என்று தம்பி மனைவி சொன்னாள். பஸ் ஓட்ட அனுமதி கிடைக்கவில்லை. டெப்போவில் வேறு வேலை காலியாகும்வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

ஓட்டலில் அவளுக்கு மூன்று மாதம் கூடை தூக்காத வேலை கொடுத்தார்கள். எடை நான்கு கிலோ திரும்ப ஏறியது. "ஏறும். நடையை விடாதீங்க" என்றார் டாக்டரம்மா. எழுந்திருக்குமுன் அவள் வெகுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டாள்.

"முதல்லயே நீங்க சொன்ன மாதிரி செஞ்சிருந்தா, அவனுக்குக் கழுத்துல குழாய் வெக்க வேண்டி வந்திருக்காதா டாக்டர்?"

"வந்திருக்காதுன்னு சொல்ல முடியாது. வந்திருக்கும்னும் சொல்ல முடியாது" என்றார் அவர்.

தம்பி இப்போது அவளோடு நன்றாகத்தான் பேசுகிறான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பூங்காவைச் சுற்றி நடக்கிறார்கள், சிரிக்கிறார்கள். ஆனால் முன்பெல்லாம் எந்தச் சேதியானாலும் முதலில் அக்காவுக்குத்தான் சொல்வான். போன வாரம் டெப்போவில் அவனுக்கு நேரக் காப்பாளர் வேலை கிடைத்தது. அது அவளுக்கு நான்கு நாள் கழித்து, தம்பி மனைவி வேறு எதற்கோ போன் செய்தபோதுதான் தெரிந்தது.