மருமகளின் கிராஃபிக்ஸ் கார்டு

என் மருமகளின் கணினியை நான்தான் முடக்கிப்போட்டேன். கேட்டவர்களிடம் வைரஸ் என்றேன், இடி என்றேன், கரண்ட் சரியில்லை என்றேன். எல்லாம் பொய். இனி பொய் சொல்லிக்கொண்டிருக்க வயதும் இல்லை, தெம்பும் இல்லை.

அவள் வீடுகளுக்கு எலிவேஷன் வரைகிறவள். எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் இப்போது யார் வீடு கட்டினாலும், கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே வீட்டின் முகத்தைப் படமாகப் பார்த்துவிட ஆசைப்படுகிறார்கள். போர்டிகோவில் எந்தக் கல், மாடிக் கைப்பிடியில் கண்ணாடியா கம்பியா, சாயங்கால வெயில் சுவரில் எப்படி விழும் என்பதெல்லாம் அந்தப் படத்தில் தெரிய வேண்டும். அந்த வெயிலையும் நிழலையும் கணக்குப் போடுவது கணினிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு என்ற தனி அட்டை. கல்யாணத்துக்கு முன்பு வேலை பார்த்தபோது அவளே வாங்கிய கணினி அது. மகன் கப்பலில் வேலை செய்கிறான். போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். முன்னறை ஜன்னலோரம் அவள் அந்தக் கணினியில் வரைந்துகொண்டிருப்பாள். முடித்த ஒவ்வொரு படத்தின் கீழ் மூலையிலும் தன் பெயரைச் சின்ன எழுத்தில் போடுவாள். பெரிய அலுவலகங்களில் வரைகிறவர் பெயர் வராது, அலுவலகத்தின் பெயர்தான் வரும். அதனால்தான் வீட்டிலிருந்தே தனியாகச் செய்கிறேன் என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன். கேட்டதை மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நான் பாலிடெக்னிக்கில் மின்னியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு, விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்குகிற, வைரஸ் அதிகம் அண்டாத லினக்ஸைக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை, ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தேன். ஒருநாள் அவளுக்கு வேலை தரும் இன்ஜினியரின் பென்டிரைவிலிருந்து ஒரு வைரஸ் வந்தது. அவளே அதைத் துடைத்துவிட்டாள். எனக்கு அது போதவில்லை. அவள் தாய்வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, அவள் கோப்புகளைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, விண்டோஸை அழித்து லினக்ஸ் போட்டேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

திரும்பி வந்து திரையைப் பார்த்தவள், "மாமா, என் சாஃப்ட்வேர் எல்லாம் விண்டோஸ்லதானே ஓடும்?" என்றாள்.

"ஓடும்மா. லினக்ஸுக்குள்ளயே ஒரு விண்டோஸ் ஓட வைக்கிறேன். மெய்நிகர் இயந்திரம்னு பேரு. கணினிக்குள்ள ஒரு கணினி. வைரஸ் வந்தாலும் உள்ளுக்குள்ளயே செத்துடும்."

"கார்டு?"

"அதை அப்படியே உள்ள இருக்கிற விண்டோஸுக்குக் கொடுத்துடலாம். பாஸ்த்ரூன்னு பேரு. ரெண்டு நாள் வேலை."

படித்து மட்டும் தெரிந்துகொண்டதைச் செய்து பார்த்தவன்போலச் சொன்னேன்.

அப்போது அவள் கையில் ஒரு பெரிய வேலை இருந்தது. வடுவூர்ச் சாலையில் வீடு கட்டப்போகிறவர் சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். படம் மட்டும் போதாது, வாசலில் நுழைந்து மாடிவரை நடந்து போவதுபோல வீடியோ வேண்டும், ஊருக்குத் திரும்புவதற்குள் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். இன்ஜினியர் வழக்கமாக இந்த மாதிரி வேலைகளைத் தஞ்சாவூரில் ஒரு பெரிய அலுவலகத்துக்குத் தருவார். இந்த முறை அவளை நம்பித் தந்திருந்தார். இது நன்றாக அமைந்தால் மற்ற வேலைகளும் அவளுக்குத்தான் என்று சொல்லியிருந்தார்.

நான் வேலையைத் தொடங்கினேன். விண்டோஸ் லினக்ஸுக்குள் ஒரு சின்னச் சன்னலில் திறந்தது. அவள் மென்பொருள் கார்டு எங்கே என்று கேட்டு நின்றுவிட்டது. கார்டைக் கொடுக்கப் பார்த்தால், தனியாகக் கொடுக்க முடியாது என்றது. ஒரே கூட்டத்தில் இருக்கும் பாகங்களைச் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டுமாம். அந்தக் கார்டோடு ஒட்டிய ஒலிப்பகுதியும் கூட வர வேண்டும். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஒரு மதகில் பாயும் வயல்களில் ஒன்றுக்கு மட்டும் தண்ணீர் விட முடியாது அல்லவா, அதேபோலத்தான். சமையலறைக்குப் போய் மனைவியிடம் இதைப் பெருமையாக விளக்கினேன்.

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "மதகைத் தொறக்கிறது இருக்கட்டும். அவ வயல் காயுதே, அதைப் பாத்தீங்களா?" என்றாள்.

"உனக்கு என்ன புரியும்?"

"எனக்குப் புரியாதுதான். அவ காலையிலேருந்து சும்மா உக்காந்திருக்கறது மட்டும் தெரியுது."

ஒலிப்பகுதியையும் சேர்த்துக் கொடுத்தேன். அடுத்து, கணினி எழுந்திருக்கும்போதே லினக்ஸ் கார்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அதைத் தொடாதே என்று லினக்ஸுக்கு முன்கூட்டியே எழுதி வைத்தேன். ஒரு எழுத்துத் தவறியதில் கணினியே எழவில்லை. மறுபடி முதலிலிருந்து. அது சரியானதும் விண்டோஸில் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் கோளாறு என்று காட்டும் மஞ்சள் முக்கோணம். தான் ஓடுவது நிஜக் கணினியில் இல்லை என்று கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் கண்டுபிடித்துவிட்டதாம். அந்த விஷயத்தை அதனிடமிருந்து மறைக்க வேண்டுமாம். மறைத்தேன். மறைத்தது போதவில்லை. இன்னும் மறைத்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அணைத்து, ஏற்றி, காத்திருந்து, அதே மஞ்சள் முக்கோணத்தைப் பார்க்க வேண்டும். ஆத்திரத்தில் மவுஸை மேசையில் அடித்ததில் அதன் சக்கரம் சுற்றாமல் போயிற்று. அதுவும் அவளுடைய மவுஸ்தான்.

அவள் இரண்டு மூன்று முறை வந்து கேட்டாள். "மாமா, பழையபடி விண்டோஸே போட்டுக் கொடுத்துடுங்களேன்."

"நாளைக்கு ஆயிடும்மா."

விண்டோஸைப் பழையபடி போடுவது அரைநாள் வேலை. எந்த நாளிலும் அதை நான் செய்திருக்கலாம். நான் ஒப்புக்கொள்ள வேண்டியதில் முக்கியமானது இதுதான். நான் போராடியது அவளுக்காக அல்ல. இணையத்தில் ஒரு மன்றத்தில் என் பிரச்சினையை எழுதியிருந்தேன். எங்கிருந்தோ முகம் தெரியாதவர்கள் பதில் எழுதினார்கள், என் கேள்விகளைக் கூர்மையானவை என்றார்கள். ஓய்வுக்குப் பிறகு என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. விண்டோஸைத் திருப்பிப் போட்டால் அங்கே போய்த் தோற்றேன் என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரியை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அந்த வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் முதல் இடிச் சத்தம் கேட்டதுமே டிவி, கணினி, மோடம் எல்லாவற்றின் ஒயரையும் பிடுங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சட்டமும் உண்டு, நான் போட்டது. பிடுங்குவதும் நான்தான், திரும்பச் சொருகுவதும் நான்தான். வேறு யாரும் ஒயரைத் தொடக் கூடாது. மின்னியல் வாத்தியார் வீட்டில் அந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை. அன்றும் இடித்தது, பிடுங்கினேன். மழை விட்டதும் சொருகினேன்.

கணினியின் பின்புறத்திலிருந்து மானிட்டருக்கு அப்போது இரண்டு ஒயர்கள் போயின. மேல் துளையிலிருந்து வருவது லினக்ஸுக்கு. கீழே கார்டிலிருந்து வருவது உள்ளே ஓடும் விண்டோஸுக்கு. மானிட்டரில் ஒரு பொத்தானை அமுக்கினால் இதிலிருந்து அதற்கு மாறலாம்.

மழைக்குப் பிறகு மஞ்சள் முக்கோணம் ஒருவழியாகப் போனது. சின்னச் சன்னலை எடுத்துவிட்டால்தான் கார்டு முழுதாக வேலை செய்யும் என்று மன்றத்தில் சொன்னார்கள். எடுத்துவிட்டேன். பொத்தானை அமுக்கினேன். கறுப்புத் திரை. சிக்னல் இல்லை என்ற எழுத்து திரையில் அங்கும் இங்கும் மிதந்துவிட்டு அணைந்தது.

அந்தக் கறுப்புத் திரையோடு நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் வாய் கசக்கிறது. கார்டுக்குள் பதிந்திருக்கும் நிரலைப் பிரதி எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். மெய்நிகர் இயந்திரத்தை அழித்துப் புதிதாக உண்டாக்கினேன். லினக்ஸையே வேறு வகைக்கு மாற்றினேன். பக்கத்து மூடியைத் திறந்து, நினைவக அட்டைகளைக் கழற்றி அவற்றின் பல்வரிசையை ரப்பரால் தேய்த்துத் திரும்பப் பொருத்தினேன். மன்றத்தில் இருந்தவர்களுக்கும் அலுத்துவிட்டது; பதில்கள் குறைந்தன.

அப்படி ஒரு காலையில் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "மாமா, டேபிளுக்குப் பின்னாடி..." என்று ஆரம்பித்தாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். கையில் துடைக்கிற துணி வைத்திருந்தாள்.

"நீ துடைச்சியா? எதையாவது அசைச்சியா? சொல்லு! ஓடிக்கிட்டிருந்தது எப்படித் திடீர்னு நிக்கும்? எத்தனை தடவை சொல்லியிருக்கேன், அந்தப் பக்கம் கையே வைக்காதேன்னு!"

அது ஒருபோதும் ஓடியதில்லை. அது அவளுக்கும் தெரியும். அவள் துணியை மடித்து ஜன்னலில் வைத்தாள். அவள் கோப்புகள் இருந்த டிஸ்க்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "தஞ்சாவூர் போயிட்டு வரேன் அத்தை" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

இன்ஜினியர் சொல்லி, தஞ்சாவூரில் அந்தப் பெரிய அலுவலகத்தில் ஒரு கணினியைக் கொடுத்தார்கள். அவர்கள் வேலை போக மிச்ச நேரத்தில்தான் அவளுக்குக் கிடைத்தது. வீடியோ முடிவதற்குள் வீட்டுக்காரர் சிங்கப்பூர் போய்விட்டார். போனவர் இன்ஜினியருக்குப் போன் செய்து, தஞ்சாவூரிலேயே எல்லா வசதியும் இருக்கிறதே, அந்த அலுவலகமே செய்து அனுப்பட்டும் என்று சொல்லிவிட்டார். அலுவலகம் வேலையை எடுத்துக்கொண்டது. கூடவே அவளையும் மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. தினமும் காலையில் பஸ்.

"நல்ல வேலைதான், சம்பளம் ஒழுங்கா வருது" என்று நான் மனைவியிடம் சொன்னேன்.

"அவளுக்கு வேலை கெடைச்சுது. நீங்க தப்பிச்சீங்க" என்றாள் மனைவி.

கார்த்திகையில் ஒரு பிற்பகல் மறுபடி இடித்தது. பழக்கதோஷம், முன்னறைக்கு ஓடினேன். கரண்ட் ஒயரைப் பிடுங்கினேன், மோடத்தைப் பிடுங்கினேன், கணினியின் பின்னால் கைவிட்டு மானிட்டர் ஒயர்களைத் தடவினேன். மேலே ஒன்று இருந்தது. கீழே கையில் எதுவும் தட்டுப்படவில்லை. குனிந்து பார்த்தேன். கார்டின் ஒயர் மேசைக்கும் சுவருக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனையில் ஒட்டடை பிடித்திருந்தது. ஐப்பசி மழையன்று நான் பிடுங்கியது. சொருக மறந்தது.

மழை விடும்வரை அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். விட்டதும் சொருகினேன். பொத்தானை அமுக்கினேன். விண்டோஸ் முழுத்திரையில் வந்து நின்றது. அவள் மென்பொருளைத் திறந்தேன். கார்டை உடனே கண்டுகொண்டது. அவள் டிஸ்க்கில் கொண்டுபோனது போக, கணினியிலும் நான் வைத்திருந்த பிரதியிலிருந்து அந்த வடுவூர்ச் சாலை வீட்டைத் திறந்தேன். போர்டிகோவில் வெயில், மாடிக் கைப்பிடியின் நிழல், கீழ் மூலையில் அவள் பெயர். இத்தனை நாள் எல்லாம் சரியாகவே ஓடியிருக்கிறது. பார்ப்பதற்கு ஒயர்தான் இல்லை.

சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். "ஒயர்தாம்மா. நான்தான் மாட்டாம விட்டுட்டேன். உன்னைப் போய்ச் சொன்னேன்."

அவள் தலைமுடியில் இருந்த மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே, "தெரியும் மாமா. தொங்குறதை அன்னிக்கே பாத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றாள்.

"நீயே மாட்டியிருக்கலாமேம்மா."

"தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸைப் பழையபடி போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. புது மவுஸ் வாங்கி வைத்தேன். மன்றத்தில் போய், ஒயர் மாட்டவில்லை என்று எழுதினேன். யாரோ ஒருவர் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டார்.

இன்ஜினியரையும் போய்ப் பார்த்தேன். தாமதம் அவளால் வந்ததில்லை, என்னால் வந்தது என்றேன். அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "விடுங்க சார், அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. வீடு ஜன்னலுக்கு மேல லிண்டல் வரைக்கும் வந்துடுச்சு" என்றார். அடுத்த வேலை அவளுக்குத் தருவாரா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாம் எந்த மாதிரிப் பார்க்கலாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

திரும்பும் வழியில் வடுவூர்ச் சாலையில் இறங்கி அந்த வீட்டைப் பார்த்தேன். சாரத்துக்கு முன்னால் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் அவள் வரைந்த வீடு, அதே வெயில், அதே நிழல். கீழ் மூலையில் தஞ்சாவூர் அலுவலகத்தின் பெயர். அவள் போகிற பஸ் தினமும் இரண்டு முறை இதைத் தாண்டித்தான் போகிறது.

முன்னறையில் கணினி தயாராக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அதன்மேல் படிந்த தூசியைத் துடைக்கிறாள். பின்பக்கம் மட்டும் துடைப்பதில்லை. தொடலாம்மா, எதை வேண்டுமானாலும் தொடலாம் என்று சொல்லிவிட்டேன். சரி மாமா என்றாள். இன்னும் தொடவில்லை.