ஆவடி மைதானத்தில் ஒரு கிரேக்கத் தாய்

எண்பதுகளின் கடைசியில், ஆவடி குவார்ட்டர்ஸ் திறந்தவெளி அரங்கில் ஒரு பழைய கிரேக்கச் சோக நாடகத்தைத் தமிழில் போட்டோம். அதிகம் பேர் அறியாத கதை. போரில் இறந்த மகனின் உடலைக் கேட்டு, வென்ற அரசனிடம் மன்றாடும் தாய் வேடம் எனக்கு.

“டான்ஸ் இன்னா ஆச்சு?” என்று கூட்டம் ஆரம்பத்திலேயே விசிலடித்தது. பாதியில் மைக்கும் நின்றுபோனது. நாடகத்தை இயக்கிய என் கணவர் திரைமறைவிலிருந்து, “போதும்மா, நிறுத்திடலாம்” என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் மேடை விளிம்புக்கு வந்து, தொண்டை கிழியக் கேட்டேன்: “புதைக்கவாவது என் பிள்ளையைக் கொடு!”

“முடியாது” என்றான் அரசன்.

தரையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் விருட்டென்று எழுந்தாள். “டேய், பெத்தவ கேக்குறா, புள்ளைய குட்றா!”

அடுத்த நொடி, “குட்றா! குட்றா!” என்று மைதானமே எழுந்து நின்றது. விசிலடித்தவர்களும்தான். அரசனாக நடித்தவர் மிரண்டு, வசனத்தை மறந்துவிட்டார்.

அதன்பின் மைக் இல்லாமலேயே கடைசிக் காட்சிவரை நடித்தோம். ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை. முடிந்ததும் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அந்த அம்மாள் மேடையேறி, முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, “நீ சோக்கா கேட்டம்மே!” என்றாள்.

பிறகு எத்தனையோ மேடை ஏறிவிட்டேன். நம் ஜனங்களுக்கு இது புரியுமா என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.