மூன்றாவது கப்

மகன் ஆசையாகக் கேட்டிருந்த, காப்பிக்கொட்டையைத் தானே அரைத்துக்கொள்ளும் எஸ்பிரஸ்ஸோ மெஷினைப் பொருத்த மார்த்தாண்டத்துக் கடையிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல வெயிலிலும் ஈரம் காயாத தலைமுடி. ஒவ்வொரு கப்பையும் காதில் வைத்துக் கேட்ட பிறகே அதில் காப்பி இறக்கினார்.

மூன்றாவது கப்பையும் எடுத்தார்.

“நாங்க ரெண்டு பேருதான் அண்ணே. மகனுக்குக் கப்பல்ல வேல. புயலுக்குப் பொறவு போனே இல்ல,” என்றேன்.

கப்பைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, அதிலும் காப்பி இறக்கினார். “அவனுக்கும் இருக்கட்டு சாரே. அவசரக்காரப் பய, சூட்டுல நாக்கு பொள்ளப் போவுது.”

அவர் போன பிறகு பார்த்தேன். அவரும் நாங்களும் குடிக்காத அந்தக் கப் காலியாக இருந்தது.

சாயங்காலம் மகன் அழைத்தான். அழுதுவிட்டேன்.

“சுகமா இருக்கேம்ப்பா. நாக்குதான் பொள்ளிக் கிடக்கு, எப்பிடின்னே தெரியல.”

அந்தக் கப்பைக் காதில் வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.