சந்திரகிரி ஓடையில் கேட்ட அரோகரா

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் முருகனோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். கோபம்தான், வேறென்ன? விளக்கு ஏற்றுவேன், பூ வைப்பேன். வாயை மட்டும் திறக்க மாட்டேன். கூடப் பிறந்தவர்களிடம் சண்டை போட்டுக்கொண்டு அதே வீட்டில் இருப்பதுபோல இருந்தேன். நம் அடியார்கள் நடுவில் இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உங்களில் யாராவது இன்றைக்கு அப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இதை அவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

எனக்கு ஊர் ஆந்திர எல்லையில் இருக்கிற நகரி. வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் பவர்லூம் ஓடும். தறி ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் அவர் தறியை நிறுத்திவிட்டு, கற்பூரம் ஏற்றி, "முருகனுக்கு…" என்று தெருவே கேட்கும்படி கூவுவார். அடுப்படியில் எந்த வேலையில் இருந்தாலும் நான் "அரோகரா!" என்பேன். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடியோடு நடக்கும்போதும் அப்படித்தான். கூவுவது அவர் வேலை, பதில் சொல்வது என் வேலை. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அந்த வீட்டில் இருந்ததே எங்கள் இரண்டு பேர் குரல்தான்.

ஒருநாள் காலையில் தறி ஓடிக்கொண்டே இருந்தது, அவர் பக்கத்தில் சாய்ந்து கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். சத்தத்தில் அவர் என்னைக் கூப்பிட்டாரா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

தறிகளை அவருடைய அண்ணன் பார்த்துக்கொண்டார். எனக்கு அந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. திருப்பதியில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலை கிடைத்தது, வந்துவிட்டேன். மாடி முழுக்கப் பெண்கள், ஒரே கூச்சல், சிரிப்பு. சாயங்காலமானால் வராண்டாவில் வரிசையாக நின்று போனில் அம்மாவோடு பேசுவார்கள். "துன்னியாம்மா?", "தின்னாவா?" என்று தமிழிலும் தெலுங்கிலும் அந்தப் பக்கத்துக் குரல்கள் எனக்கே கேட்கும். என் போன் அடித்தால் அது ரீசார்ஜ் செய்யச் சொல்லும் கம்பெனிக்காரனாகத்தான் இருக்கும். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்க இந்த உலகத்தில் ஆளில்லை. அத்தனை பேர் நடுவில் தனியாக இருப்பது தனி வீட்டில் தனியாக இருப்பதைவிடக் கொடுமை.

படிப்பு முடிந்து போன ஒரு சூளூர்பேட்டைப் பெண் தன் மலை சைக்கிளை விட்டுவிட்டுப் போனாள். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், மலைப் பாதையில் ஓட்டுகிற சைக்கிள். "ஊருக்கு ஏத்திக்கினு போக முடியாது மேடம். நீங்களே வெச்சிக்கோங்க" என்றாள். நான் சிரித்தேன். நாற்பத்தைந்து வயதில் எனக்கெதற்கு? ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறையில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று எழுந்து போய் அதன் தூசியைத் துடைத்தேன். வாட்ச்மேன் பார்த்துவிட்டு, "மேடம்காரு, இதி அவசரமா?" என்றார். இதெல்லாம் தேவையா என்று கேட்கிறார். எனக்கு வந்ததே வீம்பு! அவர் எதிரிலேயே ஏறி, கேட்டுக்கு வெளியே போய், வேப்பமரத்தில் மோதி விழுந்தேன்.

அந்த வீம்பில்தான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். சுனிதா என்று ஒரு பள்ளிக்கூட பி.டி. டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திரகிரிப் பக்கம் சில பெண்களோடு மலைப் பாதையில் சைக்கிள் ஓட்டுவாள். என்னையும் சேர்த்துக்கொண்டாள். சாதாரண சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். எங்கே! இறக்கத்தில் சீட்டில் உட்காரவே கூடாது. இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து அதன்மேல் நிற்க வேண்டும். முழங்கையை மடக்கி, உடம்பைப் பின்னால் தள்ள வேண்டும். பிரேக்கை ஒரு விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை மொத்தமாக அமுக்கினால் சைக்கிள் நின்றுவிடும், நாம் போய்க்கொண்டே இருப்போம். முட்டியிலும் முழங்கையிலும் இல்லாத காயம் இல்லை.

இதெல்லாம்கூட வந்துவிட்டது. ஒன்று மட்டும் வரவில்லை. எங்கே கல் இருக்கிறதோ அங்கேதான் போய் மோதுவேன். எவ்வளவு அகலமான பாதையாக இருந்தாலும் சரி, நடுவில் ஒரு கல் கிடந்தால் நேராக அதன் மேல்தான். "ராயினி சூடொத்து அக்கா! தாரினி சூடண்டி!" என்று சுனிதா பின்னாலிருந்து கத்துவாள். கல்லைப் பார்க்காதீங்க, வழியைப் பாருங்க. கண் போகும் இடத்துக்குத்தான் சைக்கிள் போகுமாம். எனக்கோ தறிக்காரி கண். துணி முழுக்க நன்றாக இருந்தாலும் அறுந்த இழை ஒன்று எங்கே இருக்கிறது என்றுதான் தேடும். சின்ன வயதிலிருந்து அதற்குத்தானே பழக்கி வைத்திருக்கிறார்கள்? அதை எப்படி மாற்றுவது?

ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் என்னை உயிரோடு வைத்திருந்தன. சைக்கிளை விட்டு இறங்கினால் மறுபடியும் அதே அறை, அதே சுவர்.

தசரா லீவு வந்தது. பெண்கள் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். வாட்ச்மேனும் போய்விட்டார். சுனிதா மாமியார் வீட்டுக்குப் போனாள். போகும்போது, தனியாக மட்டும் மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு நாள் அந்தக் காலிக் கட்டிடத்தில் இருந்தேன். என் செருப்புச் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திரகிரிக்குக் கிளம்பிவிட்டேன்.

அங்கே இருக்கிற பழைய கோட்டைக்குப் பின்னால் ஒரு மண் பாதை. மேலே ஏறி, ஒரு வளைவில் ஓடையை ஒட்டி இறங்கும். முதல் நாள் மழையில் பாதி வழி அரித்துக்கொண்டு போயிருந்தது. அங்கே ஒரு புதுக் கல். பார்த்தேன். பார்க்காதே, பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே அதையே பார்த்தேன். பயத்தில் முன் பிரேக்கை அமுக்கிவிட்டேன். அப்புறம் வானம் தெரிந்தது, செடி தெரிந்தது, ஓடைக்குள் கிடந்தேன்.

வலது கால் முட்டிக்குக் கீழே திரும்பாத பக்கம் திரும்பியிருந்தது. அசைந்தால் உயிர் போனது. போன் நொறுங்கிக் கிடந்தது. தண்ணீர் பாட்டில் கைக்கு எட்டாத தூரத்துக்கு உருண்டு போயிருந்தது. "எவரன்னா உன்னாரா?" என்று கத்தினேன். "யாராவது வாங்களேன்!" என்று கத்தினேன். வெறுமனே அழுதும் கத்தினேன். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஒரு ஈ காக்கா வரவில்லை.

அப்போது ஒன்று தோன்றியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் வரவில்லையே என்று யார் தேடுவார்கள்? பெண்கள் லீவு முடிந்து வந்து, கதவு பூட்டியிருக்கிறதே என்று கேட்பார்கள். அதுவரைக்கும் நான் இல்லை என்பதே யாருக்கும் தெரியாது. வலி ஒரு பக்கம், தாகம் ஒரு பக்கம். ஆனால் நான் வாய்விட்டு அழுதது இதற்காகத்தான்.

அழுதுகொண்டே அத்தனை நாள் கழித்து முருகனிடம் பேசினேன். சண்டைதான் போட்டேன். "அப்பா, அவரை எடுத்துக்கினே. நான் உன்னை ஒரு வார்த்தை கேக்கல. இப்பக் கேக்கறேன். என் காலை நீ சரி பண்ணாத. என்னை ஊட்டுக்கு அனுப்பாத. நான் கூப்ட்டா ஒரே ஒரு பதில் சொல்லு. யார் வாயிலயாவது சொல்லு. நீ சொல்லலன்னா அவ்ளோதான், உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல!"

சொல்லிவிட்டேனே தவிர, எப்படிக் கூப்பிடுவது? வாயில் என்ன வந்ததென்று யோசிக்கக்கூட இல்லை. அவர் கூவுவது போலவே, அதே இழுப்போடு, "முருகனுக்கு…" என்று கூவினேன். என் வாழ்நாளில் அந்தப் பாதியை நான் சொன்னதே இல்லை.

ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் கூவினேன்.

"அரோகரா!"

ஓடைக்கு அந்தப் பக்கம், மேட்டுக்கு மேலிருந்து. ஒரு பெண் குரல். பிரமையோ என்று பயந்து இன்னொரு முறை கூவினேன். இந்தத் தடவை ஆண் குரலும் சேர்ந்து வந்தது, முன்னைவிடக் கிட்டத்தில். நான் கூவக் கூவ, அந்தக் குரல்கள் புதரை விலக்கிக்கொண்டு இறங்கி வந்தன. கடைசியில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"ஐயோ, இன்னாம்மா இப்டிக் கெடக்கற! எந்த ஊரும்மா நீ?"

"நகரி" என்றேன். தண்ணீர் வேண்டுமென்று கையைக் காட்டினேன்.

அவள் பெயர் பாக்கியம். கூட வந்தவர் அவள் வீட்டுக்காரர் ஏழுமலை. நாகலாபுரம் பக்கத்துக் கிராமம். சீத்தாப்பழம் பறிக்கும் கூலி வேலைக்கு அந்த மலையடிவாரத்துக்கு வந்திருக்கிறார்கள். எனக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே பாக்கியம் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"காலையிலர்ந்து ஏதோ சத்தம் கேட்டுக்கினுதாம்மா இருந்துச்சி. கோட்டைக்கு வர்ற பசங்க எவனோ குடிச்சிட்டுக் கூவறான்னு உட்டுட்டோம். நீ முருகனுக்குன்னியா, என் வாய் என்னைக் கேக்காமலே அரோகரான்னுடுச்சி. அப்பறந்தான் இவரு, யாரு அது இந்தக் காட்டுல, வா பாக்கலாம்னாரு."

நான் உதவி கேட்டுக் கத்தினதெல்லாம் குடிகாரன் சத்தமாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. முருகன் பெயரைச் சொன்னது மட்டும் அவன் பெயராகவே போய்ச் சேர்ந்தது.

திருப்பதி விடுதியில் வேலை பார்க்கிறேன் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே காலுக்குக் குச்சி வைத்துக் கட்டினார்கள். பாக்கியம் தலைக்குச் சுற்றியிருந்த பழைய புடவையை ஒரு கம்பில் தூளிபோலக் கட்டி, என்னை அதில் போட்டு, ஆளுக்கொரு பக்கம் தோளில் தூக்கினார்கள். ஏழுமலைக்கு மூச்சு வாங்கியது. "இந்த ஆடிக்குக் காவடி எடுக்க முடியலன்னு இவ பொலம்பிக்கினே இருந்தா. இந்தா, வந்துடுச்சி காவடி. இன்னா வெயிட்டும்மா நீ! ஆஸ்டல்ல நல்லாத் துன்றே போல!" என்றார். அந்த வலியிலும் நான் சிரித்துவிட்டேன். பழம் ஏற்ற வந்த டெம்போவில், கூடைகளுக்கு நடுவில் படுக்க வைத்துத் திருப்பதிக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "மீ வாள்ளு எவரம்மா?"

உங்கள் ஆட்கள் யார் என்று. சாதாரணமாக எல்லாரையும் கேட்கிற கேள்வி. நான் மேலே சுழன்ற விசிறியைப் பார்த்தேன். யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாக்கியம், கையெல்லாம் சீத்தாப்பழப் பிசுக்கோடு, முன்னால் வந்து நின்றாள்.

"மேமே" என்றாள். நாங்கதான்.

அந்த ஒரு சொல்லுக்காக முருகனை நான் எவ்வளவு கும்பிட்டாலும் போதாது. என் காலைச் சரி பண்ண வேண்டாம் என்று சொன்னேன், காலையும் சரி பண்ணினான். கம்பி வைத்தார்கள், தை மாதத்தில் நடந்தேன். பங்குனியில் சைக்கிளில் ஏறினேன். வாட்ச்மேன் இப்போது அவசரமா என்று கேட்பதில்லை, கேட்டைத் திறந்துவிட்டுத் தள்ளி நிற்கிறார்.

அந்த வளைவில் இன்னும் அதே கல் இருக்கிறது. இப்போது நான் அதைப் பார்ப்பதில்லை என்று பெருமையடிக்க மாட்டேன், பார்க்கத்தான் செய்கிறேன். பார்த்துவிட்டு, கண்ணைத் தூக்கி, ஓடைக்கு அந்தப் பக்கத்து மேட்டைப் பார்க்கிறேன். "முருகனுக்கு…" என்று கூவுகிறேன். சைக்கிள் தானாகக் கல்லை ஒதுக்கிக்கொண்டு போய்விடுகிறது. முதல் தடவை நான் கூவியபோது பின்னால் வந்த சுனிதா, திருப்பதிக்காரி இல்லையா, வாய்ப் பழக்கத்தில் "கோவிந்தா!" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமன் பெயரைச் சொன்னால் மருமகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்றேன்.

தனிமை போய்விட்டதா என்றால், போகவில்லை. லீவு விட்டால் கட்டிடம் காலியாகத்தான் ஆகிறது. அறையில் அதே சுவர்தான். அவர் இடம் அவர் இடம்தான், அதில் யாரும் வந்து உட்கார முடியாது. ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் போனை ஸ்பீக்கரில் போட்டு விளக்குப் பக்கத்தில் வைக்கிறேன். கற்பூரம் ஏற்றி, இப்போது நான்தான் கூவுகிறேன். நாகலாபுரத்துப் பக்கத்திலிருந்து, நாய் குரைக்கிற சத்தத்துக்கும் பாத்திரச் சத்தத்துக்கும் நடுவில், பாக்கியத்தின் பதில் வருகிறது. வந்த கையோடு, "துன்னியாக்கா?" என்றும் கேட்கிறாள்.

முருகனோடு கோபமாக இருக்கிறவர்களே, கோபத்தோடேயே கூப்பிடுங்கள். உள்ளுக்குள் முனகாமல் வாய்விட்டுக் கூப்பிடுங்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரை நிறுத்தி வைத்திருக்கிறான் என்று நமக்குத் தெரியாது. நான் நகரி வீட்டில் அடுப்படியிலிருந்து பதில் சொன்னவள், ஓடையில் கிடந்து பதில் கேட்டவள். இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டேன். எங்கே, இதைப் படிக்கிறவர்களும் ஒரு தடவை எனக்குச் சொல்லுங்கள் பார்ப்போம்.

முருகனுக்கு…