இரண்டு இடத்தில் இருந்த பெயர்

ஜெசிந்தா காலமான செய்தி போன செவ்வாய்க்கிழமை காலை வந்தது. அவரின் தங்கை தொலைபேசியில் சொன்னார். நான் பாதிச் சவரத்தோடு கட்டிலில் இருந்துவிட்டேன். அன்புவழிபுரத்தில் அவரின் கணினி வகுப்பில் படித்தவர்களும், இடம்பெயர்ந்தோர் பதிவில் எங்களோடு நின்றவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களுக்கு அவர்மேல் இருந்த மதிப்பு அந்த நாட்களில் எனக்கு இருக்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சண்டை மூண்டு கிளிவெட்டிப் பக்கத்துச் சனம் உடுத்த உடையோடு நகரத்துக்கு வந்த காலம். தாய் பள்ளிக்கூடத்தில், தகப்பன் கோயிலில், பிள்ளை யாரோ ஒருவர் வீட்டில் என்று குடும்பங்கள் சிதறிக் கிடந்தன. தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் எல்லோருடைய பெயரையும் ஒரு பழைய கணினியில் பதிந்து, தேடி வருபவர்களுக்குப் பார்த்துச் சொன்னோம். ஐந்து பேர் ஒரே நேரத்தில் கேட்டால் வன்தட்டு கடகடவென்று உருளும், பிறகு எல்லாம் அப்படியே நின்றுவிடும். வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது.

ஜெசிந்தா தன் வகுப்பை மூடிவிட்டு அங்கிருந்த ஆறு கணினிகளையும் முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆறையும் வயரால் இணைத்து ஒன்றுபோல் வேலை வாங்குவது, பெயர்களை வன்தட்டில் தேடாமல் நினைவகத்திலேயே வைத்துத் தேடுவது. இதுதான் அவரின் திட்டம். அதற்கு எந்தத் தரவுத்தளம் என்பதில் எங்களுக்குள் கொழுவல் வந்தது.

இரண்டு மிஞ்சின. ஒன்று பறக்கும். பெயரை ஒரு கணினியில் போட்டுவிட்டு உடனே அடுத்த பெயரைக் கேட்கும். மற்றது அதே பெயரை இன்னொரு கணினியிலும் வைத்து, அங்கே போய்ச் சேர்ந்ததா என்று உறுதிப்படுத்திய பிறகுதான் அடுத்ததை வாங்கும். நான் முதலாவதின் கட்சி. நேரத்தை அளந்து தாளில் எழுதிக் காட்டினேன். ஜெசிந்தா வாசித்தார், மடித்துத் திருப்பித் தந்தார்.

“நீங்கள் சொல்லுறது சரி, உங்கடைதான் வேகம். ஆனா ஒரு மெசினை நம்பி ஒரு பிள்ளையின்ர பேரை வைக்க ஏலாது.”

இரண்டாவதைத்தான் போட்டார். வரிசை ஒரே நாளில் மண்டபத்துக்குள் சுருங்கியது. நானோ இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல், ஒரு பகுதிச் சனத்தைத் தூரத்து முகாமொன்றுக்குக் கொண்டுபோகப் பேருந்துகள் வந்து நின்றன. அதில் ஏறவேண்டிய தாய் ஒருவர் என் மேசைக்கு ஓடிவந்தார். ஆறு வயது மகளை வழியில் தவறவிட்டிருந்தார். சாரதி ஹோன் அடித்தபடி இருந்தார். அவசரத்தில் நான் கதிரையை இழுத்தேன். அதன் கால் கீழே கிடந்த மின்வயரில் மாட்டி, பிளக் கழன்று, பக்கத்துக் கணினி ஒன்று அணைந்தது. அதன் நினைவகத்தில் இருந்த பெயர்கள் அத்தனையும் அதோடு போய்விட்டன.

என் கணினியில் பிள்ளையின் பெயரை அடித்தேன். பதில் வந்தது. சல்லிக் கிராமத்தில் ஒரு மீனவர் வீட்டில் இருப்பதாக அன்று காலைதான் பதிந்திருந்தார்கள்.

தாய் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பேருந்து அவர் இல்லாமல் போனது. மாலையில் மகள் அந்த மீனவரின் சைக்கிளில் வந்து இறங்கியபோது மண்டபமே எழும்பி நின்று கைதட்டியது. ஜெசிந்தாவும் தட்டினார், யாருக்கோ தட்டுவதைப்போல.

பிறகு அவர் பரிசோதித்தார். அந்தப் பெயர் முதலில் விழுந்தது அணைந்த கணினியில்தான். என் கட்சி வென்றிருந்தால் அந்தத் தாய் வெறுங்கையோடு பேருந்தில் போயிருப்பார். கணினி ஏன் அணைந்தது என்று பங்குப் பாதிரியார் கேட்டார். “பிளக் லூசாக் கிடந்தது, ஃபாதர்” என்றார் ஜெசிந்தா. என் பக்கம் திரும்பவேயில்லை.

நீங்களும் இத்தனை வருடமாக அந்தக் கதையை அப்படித்தான் சொல்கிறீர்கள். நானும் வெட்கமில்லாமல் சேர்ந்து சொன்னேன். ஜெசிந்தாவின் செத்தவீட்டுக்கு அந்தத் தாயும், கைக்குழந்தையோடு மகளும் வந்திருந்தார்கள். வயரை இழுத்தது என் கதிரைதான் என்ற உண்மையை முதலில் அவர்களிடம் சொன்னேன்.

“நான் அப்பவே கண்டனான், தம்பி. ஜெசிந்தாவும் கண்டவ. நீங்கள் பாவம் எண்டு ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்ல,” என்றார் அந்தத் தாய்.

தன் முடிவால் ஒரு பிள்ளை கிடைத்து மண்டபமே கைதட்டிய நாளில், பிழைவிட்டவனை ஜெசிந்தா காட்டிக்கொடுக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.